மகனைத் தேடிப் போனவர் பியரை ஏன் ஆராய்ந்தார்?

எங்கள் பெரியப்பா கள்ளைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் லேசில் முடிக்க மாட்டார். விடியற்காலையில் இறக்கியது ஒரு ருசி, வெயில் ஏறியபின் இன்னொரு ருசி, பின்னேரம் புளித்தபின் அது வேறு சாமான். பனங்கள்ளையும் தென்னங்கள்ளையும் முற்றத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டு பிளாவில் மாறி மாறிக் குடித்து, எது எந்த மரத்தது என்று சொல்லுவார்.

சென்ற வருடம் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் போத்தல் கள்ளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு மிடறு குடித்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, இது ஏன் இத்தனை நாளாகியும் புளிக்கவில்லை என்பதுதான். போத்தலில் அடைத்துச் சூடாக்குவதால் என்று சொன்னேன். பள்ளிக்கூடத்தில் பாச்சராக்கம் என்று மனப்பாடம் செய்த அதே விஷயம். அந்தப் பெயருக்கு உரிய மனிதரைப் பற்றி அதுவரை எனக்குத் தெரிந்திருந்தது பாலும் விசர்நாய்க்கடித் தடுப்பூசியும்தான். பிறகு தேடி வாசித்தபோது, அவருடைய வாழ்க்கையின் நடுவில் ஒரு போரும், தோல்வியும், காணாமற்போன மகனும், பியரும் இருப்பதைக் கண்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

லூயி பாஸ்டர் 1822 டிசெம்பர் 27 அன்று கிழக்குப் பிரான்சில் டோல் என்ற ஊரில் பிறந்தார். தகப்பன் தோல் பதனிடுபவர். அதற்கு முன் முதலாம் நெப்போலியனின் படையில் சார்ஜன்டாக இருந்து, தோற்று வீடு திரும்பியவர். குடும்பம் பிறகு ஆர்புவா என்ற சிறிய ஊரில் குடியேறியது. குயிசான்ஸ் ஆற்றின் கரையில் வீடும், வீட்டோடு சேர்ந்தே தோல் ஊறவைக்கும் தொட்டிகளும் இருந்தன. பதினைந்து வயதில் படிக்கவென்று பாரிசுக்கு அனுப்பப்பட்ட பையன், ஊர் நினைவு தாங்காமல் சில கிழமைகளிலேயே வாடிப்போனான். தகப்பனே போய்த் திரும்பக் கூட்டிவந்தார். அந்த நாற்றமெடுக்கும் தோல் தொட்டிகளின் மணத்துக்குத்தான் அவன் ஏங்கியிருந்தான்.

ஆர்புவா வைன் ஊர். பல வகை வைன்கள் அங்கே உண்டு; பேர்போனது மஞ்சள் வைன். பீப்பாயில் ஆறு வருடத்துக்கு மேல் கிடக்கும். மேற்பரப்பில் மதுவம், அதாவது ஈஸ்ட், மெல்லிய ஆடை போலப் படர்ந்து அதைக் காக்கும். ஆனால் எல்லாப் பீப்பாய்க்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. சில புளிக்கும், சில கசக்கும், சில எண்ணெய் போல வழுக்கும். ஏன் என்று யாருக்கும் தெரியாது.

1849இல் பாஸ்டர் ஸ்ட்ராஸ்பூர்க் பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கேதான் மரி லோரானைத் திருமணம் செய்தார். மூத்த பிள்ளைகள் மூவரும் அந்த நகரத்தில்தான் பிறந்தார்கள். 1854இல் வடக்கே லீல் நகரத்துக்கு மாறினார். அங்கே பீற்றூட்டிலிருந்து மதுசாரம் எடுக்கும் முதலாளி ஒருவரின் தொட்டிகள் பழுதாகிய விஷயத்தைப் பார்க்கப் போய், நுணுக்குக்காட்டியின் கீழ் பதில் கண்டார். நொதித்தல் என்பது உயிருள்ள நுண்ணங்கிகளின் வேலை. நல்ல மதுவம் நல்ல மதுவைத் தருகிறது, வேறு நுண்ணங்கிகள் புகுந்தால் பழுதாகிறது.

1863இல் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் வைன் கெடுவதைப் பற்றி ஆராயச் சொன்னார். பாஸ்டர் நேரே தன் ஊருக்கே போனார். ஆர்புவாவில் ஒரு பழைய கோப்பிக்கடை அறையை வாடகைக்கு எடுத்து, ஊர்க் கைவினைஞர்களைக் கொண்டு கருவிகள் செய்வித்தார். பால்ய நண்பர்கள் தங்கள் நிலவறைகளில் இருந்து நல்லதும் கெட்டதுமாகப் போத்தல்களைக் கொண்டுவந்தார்கள். ஒரு பக்கம் நாக்கு, ஒரு பக்கம் நுணுக்குக்காட்டி. கடைசியில் ஒரு துளியைக் கண்ணாடித் தட்டில் வைத்துப் பார்த்தே, குடிக்காமல், எந்த வைனுக்கு என்ன நோய் என்று அவரால் சொல்ல முடிந்தது.

மருந்து எளிமையானது. காற்றுப் புகாமல் அடைத்த வைனை 50 முதல் 60 பாகை வரை சூடாக்கினால் போதும். 1865இல் அதற்குக் காப்புரிமை எடுத்தார். பிறகு யாரும் பாவிக்கலாம் என்று விட்டுவிட்டார். சூடாக்கினால் ருசி போய்விடும் என்று வியாபாரிகள் மறுத்தார்கள். அவர்களையே கூட்டி, சூடாக்கியதையும் சூடாக்காததையும் வைத்துக் குடிக்கச் சொன்னார். அவர்களுக்குத் தெரியாமல் ஒரே வைனை இரண்டு கிளாசில் ஊற்றியும் கொடுத்தார். அதிலும் அவர்கள் வித்தியாசம் கண்டுபிடித்தார்கள். நாக்கு எவ்வளவு தூரம் மனம் சொன்னபடி ஆடும் என்பதற்கு அது போதுமான சாட்சி. பிறகு ‘ஜோன் பார்’ என்ற கப்பலில் 500 லீற்றர் வைனை, பாதி சூடாக்கி, பாதி சூடாக்காமல் ஏற்றி அனுப்பினார்கள். பத்து மாதத்துக்குப் பிறகு சூடாக்கியது தெளிவாக இருந்தது; மற்றதில் புளிப்பு ஏறியிருந்தது.

வெளியிலிருந்து பார்த்தால் வெற்றியான வருடங்கள். வீட்டுக்குள் அப்படி இல்லை. 1859இல் மூத்த மகள் ஜான் நெருப்புக்காய்ச்சலில் இறந்தாள். அவளுக்கு ஒன்பது வயது. 1865இல் தகப்பன் இறந்தார், சில மாதங்களில் இரண்டு வயதுக் கமீய் இறந்தாள். 1866இல் பன்னிரண்டு வயது செசீல், அதே நெருப்புக்காய்ச்சலில். 1868 ஒக்டோபரில் பாஸ்டரையே பாரிசவாதம் தாக்கியது. இடது பக்கம் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. மிஞ்சியது மகன் ஜோன்-பத்தீஸ்தும் மகள் மரி-லூயிசும்.

1870 ஜூலையில் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் தொடங்கியது. மகன் படைக்குப் போனான். செப்டெம்பரில் குடும்பம் பாரிசை விட்டு ஆர்புவாவுக்கு வந்தது. அங்கே ஊர் அறிவிப்பாளனின் எக்காளச் சத்தம் கேட்டால் பாஸ்டர் எழுந்து பாலத்தடிக்குப் போவார். சனத்தோடு சனமாக நின்று செய்தி கேட்பார். செய்தி நல்லதாக இருந்ததில்லை. 1871 ஜனவரியில் பாரிஸ் மீது குண்டுகள் விழுந்தன. பொன் பல்கலைக்கழகம் 1868இல் தனக்குக் கொடுத்த கௌரவ மருத்துவப் பட்டத்தை அவர் 18ஆம் திகதி கடிதத்தோடு திருப்பி அனுப்பினார்.

அப்போது மகன் கிழக்குப் படையில் இருந்தான். அந்தப் படை பனிக்காலத்தில் உடைந்து சுவிஸ் எல்லை நோக்கிப் பின்வாங்கிக்கொண்டிருந்தது. மகனிடமிருந்து தகவல் இல்லை. ஜனவரி 24 அன்று பாஸ்டர், மனைவி, மகள் மூவரும் ஒரு பழைய வண்டியில் தேடப் புறப்பட்டார்கள். ஒரு கால் இழுபடும் மனிதர், பனி மூடிய மலைவழி. எதிரே வந்தவர்கள் கிழிந்த உடுப்போடு பாண் கேட்ட சிப்பாய்கள். போந்தார்லியே என்ற ஊரில் பாஸ்டர் கண்டவரையெல்லாம் விசாரித்தார். மகனுடைய பிரிவில் 1,200 பேரில் 300 பேர்தான் மிச்சம் என்று ஒருவர் சொன்னார். இன்னொரு சிப்பாய், முதல்நாள் இரவு அவனோடு ஒரே இடத்தில் படுத்ததாகவும், சுகமில்லை, ஆனால் உயிரோடு இருக்கிறான் என்றும் சொன்னார். நான்காம் நாள் ஊர் எல்லையில் ஒரு வண்டில் எதிர்ப்பட்டது. மேலங்கியைப் போர்த்தியபடி மகன் அதில் இருந்தான். மூன்று பேரும் ஒன்றும் பேசாமல் அவனைக் கட்டிக்கொண்டார்கள். சில நாட்களில் அந்தப் படை முழுவதும் எல்லை கடந்து சுவிஸில் ஆயுதத்தை ஒப்படைத்தது.

போர் முடிந்தபோது அல்சாசும் லொரேனின் ஒரு பகுதியும் ஜேர்மனிக்குப் போயின. பாஸ்டரின் பிள்ளைகள் பிறந்த ஸ்ட்ராஸ்பூர்க்கும் போனது. பிரான்சின் நல்ல பியர் சாலைகள் பலவும் அந்தப் பக்கம்தான் இருந்தன.

பாஸ்டருக்குப் பியர் பிடிக்காது. சாப்பாட்டு மேசையில் கிளாசைத் துடைத்துத் துடைத்துப் பார்த்து, பாணைப் பிய்த்துத் தூசு தேடுகிற மனிதர் அவர். ருசித்துக் குடிப்பவர் அல்லர். ஆனால் ஜேர்மனி எதில் மேலாக இருக்கிறதோ அதில் அதை வெல்ல வேண்டும் என்று முடிவு கட்டினார். 1871இல் பாரிசில் கலவரம் நடந்ததால் கிளெர்மோன்-ஃபெரான் நகரில் தன் பழைய மாணவர் துக்ளோவின் வீட்டில் தங்கியிருந்தார். பக்கத்தில் சமாலியேரில் ஒரு சிறிய பியர் சாலை இருந்தது. அங்கே வேலையைத் தொடங்கி, ஜூனிலேயே காப்புரிமை எடுத்தார். தன் முறையில் வரும் பியருக்குத் தேசியப் பழிவாங்கலின் பியர் என்று பெயர் வைக்க நினைத்தார்.

ஜேர்மன் பியர் ஏன் நல்லது? அது குளிரில் நொதிப்பது. 6 அல்லது 8 பாகையில், ஐஸ் போட்ட நிலவறைகளில், கிழமைக்கணக்கில் மெதுவாக. அந்தக் குளிரில் கெடுக்கும் நுண்ணங்கிகள் பெருகாது. பிரெஞ்சுப் பியர் பெரும்பாலும் 20 பாகைக்குக் கிட்ட, இரண்டு மூன்று நாளில் நொதிப்பது, சீக்கிரம் பழுதாகும். பழுதானால் முதலாளி பக்கத்துச் சாலையில் போய் வேறு மதுவம் வாங்கி வருவார், அவ்வளவுதான். மதுவத்தைச் சுத்தமாக வைத்து, வெளிக் கிருமி புகாமல் பார்த்தால் ஐஸ் இல்லாமலே நல்ல பியர் வடிக்கலாம் என்பது பாஸ்டரின் வாதம். அதே வருடம் லண்டனில் விற்பிரெட் சாலைக்குப் போய், அவர்களின் மதுவத்தை நுணுக்குக்காட்டியில் காட்டி, அதில் என்ன பிழை என்று சொன்னார். ஒரு கிழமைக்குள் அவர்களும் ஒரு நுணுக்குக்காட்டி வாங்கிவிட்டார்கள்.

பாரிசில் உல்ம் வீதி ஆய்வுகூடத்தில் அவர் வடித்த பியர்களை ருசி பார்த்தவர் பெர்த்தான். இருவரும் பள்ளித் தோழர்கள். பெர்த்தான் அங்கேயே குடியிருந்த பௌதிக ஆசிரியர். ஸ்ட்ராஸ்பூர்க்கில் 18 வருடம் வாழ்ந்து, அந்த நகரத்துப் பியரை நன்றாக அறிந்தவர். பாஸ்டர் மதுவத்தைப் பற்றி விளக்கத் தொடங்கினால், முதலில் நல்லதாக ஒரு கிளாஸ் கொடு, விளக்கத்தைப் பிறகு பார்ப்போம் என்று பகிடி பண்ணுவார். ஒன்றோடொன்று ஒப்பிட்டு, இதில் இந்தக் குறை, அதில் அந்தக் குறை என்று தயவுதாட்சண்யம் இல்லாமல் சொல்லுவார். பாஸ்டரால் நுண்ணங்கியைக் காண முடிந்தது. ருசியைச் சொல்ல, இழந்த நகரத்தின் ருசி நாக்கில் இருந்த நண்பர் ஒருவர் தேவைப்பட்டார்.

1876இல் பியர் பற்றிய நூல் வெளிவந்தது. தோற்ற படையின் சிப்பாயான தன் தகப்பனின் நினைவுக்கு அதைச் சமர்ப்பித்தார்.

பழிவாங்கல் நடந்ததா என்றால், இல்லை. அவருடைய முறை பிரெஞ்சுச் சாலைகளில் பெரிதாக எடுபடவில்லை. அதை இறுகப் பிடித்தவர்கள் மற்றவர்கள். அமெரிக்காவில் போத்தல் பியரைச் சூடாக்கித் தூர இடங்களுக்கு அனுப்பியவர் ஜேர்மனியில் பிறந்த அடொல்பஸ் புஷ். டென்மார்க்கில் கார்ல்ஸ்பேர்க் சாலையின் ஜேகப்சன், பாஸ்டர் வழியில் ஆய்வுகூடம் அமைத்து, அதன் முடிவுகள் எவருக்கும் இரகசியமாக இருக்கக்கூடாது என்று விதித்தார். அங்கே 1883இல் எமில் கிறிஸ்டியான் ஹான்சன் ஒரே கலத்திலிருந்து தூய மதுவத்தை வளர்த்தெடுத்தார். அது எல்லை பார்க்காமல் பரவியது, ஜேர்மன் சாலைகள் உட்பட. இன்னொன்றும் உண்டு. 1885 ஜூலையில் விசர்நாய்க்கடிக்கு அவர் ஊசி போட்டுக் காப்பாற்றிய ஒன்பது வயது ஜோசப் மைஸ்டர், அப்போது ஜேர்மனியின் ஆட்சியில் இருந்த அல்சாஸிலிருந்து தாயோடு வந்த பிள்ளை.

இதை வைத்து பாஸ்டர் மன்னித்துவிட்டார் என்று எழுதினால் அது பொய். இறப்பதற்குச் சற்று முன் பிரஷ்ய விருது ஒன்று வந்தபோதும் வேண்டாம் என்றார். 1895 செப்டெம்பர் 28 அன்று அவர் இறந்தபோது ஸ்ட்ராஸ்பூர்க் ஜேர்மனியிடம்தான் இருந்தது. கோபம் அவரிடம் கடைசிவரை இருந்தது. ஆனால் அந்தக் கோபத்தில் செய்த வேலை அவருடைய கையைவிட்டுப் போய் எல்லோருக்கும் உரியதாகிவிட்டது. குடியால் நொந்த வீடுகள் எங்களிடம் நிறைய உண்டு. நான் குடியைப் புகழ வரவில்லை. எங்கள் கூட்டுறவுச் சங்கத்தின் போத்தலிலும், பிள்ளைகள் குடிக்கும் பாலிலும் இருப்பது அந்த வேலைதான்.

இவ்வளவையும் ஒருநாள் பின்னேரம் பெரியப்பாவுக்குச் சொன்னேன். ஐஸையும் மதுவத்தையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். போத்தல் கள்ளு பரவாயில்லை, ஆனால் காலைக் கள்ளின் உயிர் அதில் இல்லை என்று தன் தீர்ப்பையும் சொன்னார். சூடாக்கியபின் உயிர் இருக்காதுதானே, அவர் சொன்னது சரி.

பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அந்த மனிசன் மகனை எத்தனையாம் நாள் கண்டுபிடித்தார் என்று திரும்பவும் கேட்டார். நான்காம் நாள் என்றேன். பெரியப்பாவின் இளைய மகன் 2009இலிருந்து இல்லை. அவர் பிளாவைக் கீழே வைத்துவிட்டு, நாலு நாள் என்று தனக்குள் ஒருதரம் சொல்லிக்கொண்டார்.