ஹென்றி மாட்ஸ்லி

மோர் கடைதல் என்கிறோம். மரம் கடைதல் என்றும் சொல்கிறோம். சொல் ஒன்றே, செயல் வேறு. முன்னதில் மத்துச் சுழல, தயிர் பானையில் நிற்கும். பின்னதில் மரம் சுழல, உளி நிற்கும். இரும்பைக் கடைவதும் பின்னதைப் போன்றதே. அவ்வுளியை மனிதன் கையிலிருந்து வாங்கிப் பொறியின் கையிற் கொடுத்தவருள் தலையாயவர் ஆங்கில நாட்டு ஹென்றி மாட்ஸ்லி.

இவர் 1771-ஆம் ஆண்டு இலண்டனை அடுத்த வுல்விச்சில் பிறந்தார். தந்தையார் அங்கிருந்த அரசாங்கப் படைக்கலச் சாலையில் பணியாற்றியவர். மாட்ஸ்லியும் தம் பன்னிரண்டாம் வயதில் அச்சாலையில் தோட்டாக்களில் வெடிமருந்து நிரப்பும் வேலையில் அமர்ந்தார். பின்னர்த் தச்சுக்கூடத்தில் சேர்க்கப்பட்டார்; உள்ளமோ கொல்லுலையையே நாடியது. பதினைந்தாம் வயதில் அவ்வுலைக்களமே அவருக்குப் பள்ளியாயிற்று.

அக்காலத்தில் ஜோசப் பிராமா என்பார், கள்ளச் சாவிக்கு இணங்காத பூட்டொன்றைப் புனைந்திருந்தார். அதன் நுண்ணுறுப்புக்களைச் செய்ய வல்ல தொழிலாளி கிடைக்காமல் இடர்ப்பட்டு, பதினெட்டு வயதினராகிய மாட்ஸ்லியை அழைத்தார். இளைஞரைக் கண்டதும் ஐயுற்றார். பட்டறையில் தேய்ந்து கிடந்த பிடிகருவி ஒன்றைச் செப்பனிட்டுக் காட்டி, மாட்ஸ்லி அவ்வையத்தைப் போக்கினார் என்பர். அவர் செய்த பூட்டொன்று கடைச் சாளரத்தில் வைக்கப்பட்டது. சாவியின்றித் திறப்பார்க்கு 200 கினி பரிசு என அறிவிக்கப்பட்டது. 1851-ஆம் ஆண்டு வரை அப்பரிசை எவரும் பெற்றிலர்.

மாட்ஸ்லி விரைவில் பட்டறைத் தலைவரானார். மணமும் முடிந்தது, குடும்பம் பெருகிற்று. ஊதியமோ வாரம் 30 ஷில்லிங்கே. 1797-இல் சற்று உயர்த்தித் தருமாறு வேண்டினார், பிராமா மறுத்துவிட்டார். பிராமா பேரறிவாளரே, எனினும் இவ்விடத்தில் அவர் கணக்குப் பிழைத்தது என்றே சொல்லவேண்டும். மாட்ஸ்லி வெளியேறி, இலண்டனில் சிறு பட்டறை ஒன்றைத் தாமே தொடங்கினார்.

அந்நாளில் கடைசற்காரர் உளியைக் கையாற் பிடித்தே இரும்பைக் கடைந்தனர். கை சற்று நடுங்கினும், கருத்துச் சற்று அயரினும் வேலை கெடும். திருகாணிகளின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. ஓர் ஆணிக்கெனச் செய்த மரை மற்றோர் ஆணியிற் பொருந்தாது. பொறியொன்றைப் பிரித்தபோது மரைகள் கலந்துவிட்டால், அவற்றை இணை சேர்ப்பதற்குள் பொழுது போய்விடும்.

மாட்ஸ்லி உளியை இரும்புத் தாங்கியொன்றில் இறுகப் பொருத்தினார். கடையப்படும் இரும்பு சுழலுந்தோறும், நெடிய திருகொன்று பற்சக்கரங்களின் உதவியால் அத்தாங்கியை அளவாக நகர்த்திச் சென்றது. எனவே, புரிகள் யாவும் ஒரே இடைவெளியில் அமைந்தன. சக்கரங்களை மாற்றினால் இடைவெளியையும் வேண்டியவாறு மாற்றலாம். இக்கருத்து முன்னரும் சிலர்க்குத் தோன்றியதுண்டு. அதனை உறுதியான இரும்பால் அமைத்து, நாள்தோறும் தொழிலுக்குப் பயன்படச் செய்த பெருமை இவருடையது. அங்குலத்தைப் பதினாயிரம் கூறாக்கி அளக்கும் கருவி ஒன்றையும் செய்து, தம் பட்டறையில் வைத்திருந்தார்.

மார்க் புருனெல் என்னும் பொறியாளர் கப்பற் கப்பிகளைச் செய்யும் பொறிகளுக்கு வரைபடம் வகுத்தார். அவற்றைச் செய்து தந்தவர் மாட்ஸ்லி. போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் அவற்றை நிறுவியபின், கைதேர்ந்த 110 பேர் செய்த வேலையைப் பயிற்சியற்ற பத்துப் பேர் செய்தனர். 1808-இல் 1,30,000 கப்பிகள் செய்யப்பட்டன. அப்பொறிகளின் நுட்பத்தை வியக்கும்போதே, எஞ்சிய நூற்றுவர் பல்லாண்டு பயின்ற கைத்திறம் என்னாயிற்று என்று எண்ணாதிருக்க இயலவில்லை.

1829-இல் ஜேம்ஸ் நாஸ்மித் என்னும் இளைஞர் அவரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். நீராவிப் பொறியின் சிற்றுரு ஒன்றுக்கு அறுமுக மரைகள் பல தேவைப்பட்டன. ஒவ்வொரு முகத்தையும் அரத்தால் தேய்ப்பது அலுப்பூட்டும் வேலை. நாஸ்மித் வெட்டும் சக்கரம் ஒன்றைச் சுழலவிட்டு, மரையை அதன் எதிரே நிறுத்தி, முகம் முகமாகத் திருப்பிச் சீவினார். ஈண்டுச் சுழல்வது கருவி, நிற்பது இரும்பு. மத்தின் முறையன்றோ இது! இதனையே மில்லிங் என்பர். மாணவரின் இச்சூழ்ச்சியைக் கண்ட ஆசிரியர் பொறாமை கொள்ளவில்லை; பெரிதும் மகிழ்ந்தார். கடைசலையும் மில்லிங்கையும் ஒரே பொறியிற் செய்வது இன்று தொழிற்கூடங்களில் இயல்பாகிவிட்டது.

பிரான்சுக்குச் சென்று திரும்புங்கால் குளிரால் நோயுற்ற மாட்ஸ்லி, 1831 பிப்ரவரியில் காலமானார். பிறந்த வுல்விச்சிலேயே அடக்கம் செய்யப்பட்டார். அங்கு அமைந்த வார்ப்பிரும்புக் கல்லறையின் வடிவத்தையும் அவரே வகுத்திருந்தார்.