மேரி ஷார்லீப் அம்மையார்

பிறர் துன்பங் கண்டு இரங்குவோர் உலகிற் பலர். இரங்கியதோடு அமையாது, அத்துன்பத்தைத் துடைத்தற்கு வேண்டிய கல்வியைத் தாமே வருந்திக் கற்போர் மிகச் சிலர். அச்சிலருள் வைத்து எண்ணத் தக்கவர் மேரி ஷார்லீப் அம்மையார். திருவல்லிக்கேணியிலே இன்று கஸ்தூரிபா காந்தி அம்மையார் பெயரால் விளங்கும் தாய் சேய் மருத்துவமனைக்கு வித்திட்டவர் அவரே. அங்குப் பிறந்தோர் நம்முள்ளும் சிலர் இருத்தல் கூடும். ஆயினும் அவர் வரலாற்றை அறிந்தோர் அருகியே உள்ளனர்.

பிறப்பும் இளமையும்

அம்மையார் 1845-ம் ஆண்டு ஜூன் மாதம் 18-ம் நாள் இலண்டன் மாநகரிலே பிறந்தார். பிறந்த பத்தாம் நாளிலே பெற்ற தாயை இழந்தார். பாட்டனும் பாட்டியும் அவரைப் பேணி வளர்த்தனர். அவர்கள் இல்லம் தெய்வபக்தியும் கட்டுப்பாடும் மிக்கது.

மகவை ஈன்ற சின்னாளிலே தாய் மாய்தல் அக்காலத்து ஐரோப்பாவிலும் அரிய நிகழ்ச்சியன்று. அதற்குப் பெருங் காரணமாய் நின்றது பிரசவ சுரம் என்னும் கொடு நோய். 1847-ம் ஆண்டிலே வியன்னா நகரின் பெரிய வைத்தியசாலையில் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர், பிணத்தை அறுத்துச் சோதித்த கையோடு மருத்துவர் பிரசவம் பார்க்கச் செல்வதே அந்நோய்க்கு ஏது எனக் கண்டு, சுண்ணாம்புக் குளோரைடு கரைத்த நீரிலே கை கழுவுமாறு கட்டளையிட்டார். நூற்றுக்குப் பதினெட்டுப் பேர் வரை இறந்த அவ்விடத்திலே, சில மாதங்களில் இறப்பு நூற்றுக்கு இரண்டளவிற்குக் குறைந்தது. ஆயினும் மருத்துவ உலகம் அவரை எள்ளிற்று. அவர் கண்ட உண்மை நிலைபெறப் பல்லாண்டுகள் சென்றன. இரண்டு வயதுக் குழந்தையாய் அன்று இங்கிலாந்தில் தவழ்ந்த தாயற்ற பெண், பின்னர் அவ்வியன்னா நகருக்கே சென்று மகப்பேற்று மருத்துவம் பயின்றது வியத்தற்குரிய செய்தியாகும்.

சென்னை வருகை

1865-ம் ஆண்டிலே வில்லியம் ஷார்லீப் என்னும் வழக்கறிஞரை மணந்து, அடுத்த ஆண்டு கணவருடன் சென்னை வந்து சேர்ந்தார். கணவரின் சட்டப் பத்திரிகை வேலைகளில் துணை புரிந்து வந்த அம்மையாருக்கு, அத்தொழில் வாயிலாகப் பழகிய இந்நாட்டினரிடமிருந்து பெண்டிர் படும் பாடு ஒருவாறு தெரியலாயிற்று.

எழும்பூரிலே 1844-ம் ஆண்டு முதற்கொண்டே பிரசவ வைத்தியசாலை ஒன்று இருந்தது. இருந்தும் என்? ஆடவர் மருத்துவராயிருந்த இடத்திற்கு உயர்சாதி இந்துப் பெண்டிரும் கோஷாவிலிருந்த முகமதியப் பெண்டிரும் வாரார். அவர்தம் கணவரும் விடார். காற்றும் ஒளியும் புகாத பின்கட்டறையில், கை கழுவுதல் இன்னதென்றறியாத மருத்துவச்சி ஒருத்தியின் கையிலே அவர்கள் உயிர் இருந்தது. குழந்தை குறுக்கே கிடப்பினும், குருதி பெருகினும், சுரம் ஏறினும், வாயிற்படிக்கு வெளியே நிற்கும் மருத்துவர்க்கு ஆடவர் ஒருவர் வந்து குறி சொல்லுவார்; அதைக் கேட்டு அவர் மருந்து கொடுப்பார். அம்மருந்து என் செய்யும்?

கோஷா என்றவுடன் செல்வக் குடியினர் என்று எண்ணுதலும் பிழையே. 1855-ல் கருநாடக நவாபின் பட்டம் ஒழிந்த பின்னர், அவ்வரண்மனையை அண்டி வாழ்ந்த திருவல்லிக்கேணிக் குடும்பங்கள் பல வறுமையுற்றன. திரைக்கு உள்ளே மானம் இருந்தது, உணவு இருந்ததில்லை.

இவற்றையெல்லாம் கேள்வியுற்ற அம்மையார், முதலிலே எழும்பூர் வைத்தியசாலையில் பிரசவம் பார்க்கும் முறையைக் கற்றுக்கொண்டார். கற்கக் கற்க, தாம் கற்றது போதாது என்பதே தெளிவாயிற்று. இயல்பான பிரசவத்திற்கு மருத்துவச்சி போதும். இடர் நேர்ந்தவிடத்து முழு மருத்துவக் கல்வியும் அறுவைத் திறனும் வேண்டும். அவை பெண்ணுக்குக் கிடைப்பது எங்ஙனம்?

அரிய கல்வி

அக்காலத்திலே இங்கிலாந்தில் எந்தச் சர்வகலாசாலையும் பெண்ணுக்கு மருத்துவப் பட்டம் அளித்ததில்லை. எடின்பரோவில் மருத்துவம் பயில வந்த பெண்டிரை 1870-ல் மாணவர் கூட்டமே வழிமறித்து இழிவு செய்தது. இந்நிலையில் 1875-ம் ஆண்டிலே சென்னை மருத்துவக் கல்லூரி தன் கதவைப் பெண்டிர்க்குத் திறந்தது. சர்ஜன் ஜெனரலாயிருந்த எட்வர்டு பால்பர் அதற்கு உறுதுணையாய் நின்றார். முதன்முதற் சேர்ந்த பெண்டிர் நால்வருள் ஷார்லீப் அம்மையார் ஒருவர். அப்பொழுது அவருக்கு வயது முப்பது. மூன்று மக்களுக்குத் தாய். மூன்றாண்டு பயின்று 1878-ல் தேறினார். இலண்டன் செய்யாததைச் சென்னை முந்திச் செய்தது என்பதை எண்ணுந்தோறும் நம்மூர் பற்றிப் பெருமிதம் தோன்றுகின்றது.

அத்துடன் அவர் அமைந்திலர். கணவர் சென்னையில் தொழில் நடத்தத் தாம் மக்களுடன் தாய்நாடு திரும்பி, இலண்டன் பெண்கள் மருத்துவப் பள்ளியிலே மீண்டும் அடி முதற் பயின்றார். இலண்டன் சர்வகலாசாலை 1878-ல் பெண்டிர்க்குப் பட்டம் அளிக்க இசைந்திருந்தது. 1882-ல் அங்கு மருத்துவப் பட்டம் பெற்ற முதற் பெண்டிர் இருவருள் அம்மையார் ஒருவரானார். மகப்பேற்று மருத்துவத்தில் பொற்பதக்கமும் பெற்றார். பின்பு வியன்னா சென்று பயிற்சியை நிறைவு செய்தார். இந்தியாவிற்குப் புறப்படுமுன் விக்டோரியா மகாராணியார் அவரை வரவழைத்து, இந்நாட்டுப் பெண்டிரின் பேறுகாலத் துயரைக் கேட்டறிந்தனர்.

மருத்துவமனை எழுந்த வரலாறு

1883-ல் அம்மையார் சென்னைக்கு மீண்டார். மருத்துவக் கல்லூரியில் மகப்பேற்று மருத்துவம் போதித்தார். ஒருபுறம் வீடுதோறும் சென்று நோயாளரைப் பார்த்தார். பத்து வீடு செல்வதற்குள் பதினோராம் வீட்டில் உயிர் போய்விடும் என்பதை உணர்ந்து, பெண்டிர்க்கெனப் பெண்டிரே நடத்தும் மருத்துவமனை ஒன்று வேண்டுமென முயன்றார். அதன் பயனாக 1885-ம் ஆண்டிலே நுங்கம்பாக்கத்தில் ஒரு வீட்டிலே மருத்துவமனை தொடங்கிற்று. மகாராணியார் தம் பெயரை அதற்குச் சூட்ட இசைந்தனர். இந்நாட்டுச் செல்வரும் பொருளுதவினர். பின்னர் அது திருவல்லிக்கேணியில் கடற்கரையை அடுத்த இடத்திலே சொந்தக் கட்டடம் பெற்றது.

அம்மருத்துவமனையின் முழுப் பெயரைக் கேட்கின், இக்காலத்து மாணவர் முகஞ் சுளிப்பர். சாதிப் பெண்டிர்க்கும் கோஷாப் பெண்டிர்க்கும் உரிய மருத்துவமனை என்பதே அப்பெயர். வேறு சாதியினர் தொட்ட உணவை உண்ணார் என்றும், ஆடவர் கண்ணிற் பட இசையார் என்றும் வழக்கத்திற்கு இணங்கியே எல்லாம் வகுக்கப்பட்டன. அது சரியா?

இவ்வினாவை யான் பலகால் எண்ணிப் பார்த்ததுண்டு. வழக்கத்திற்கு இணங்கியதனால் சாதிச் சுவருக்கு மருத்துவமனையிலும் ஓர் இடம் கிடைத்தது என்பார் கூற்றில் உண்மை உண்டு. அதனை மறைத்தல் தகாது. ஆயின் இரத்தம் பெருகிக் கிடக்கும் தாய், சமூகம் திருந்தும் வரை காத்திருக்க இயலாள். அம்மையார் சுவரை இடித்தாரல்லர். சுவரிலே ஒரு வாயில் வைத்தார். அவ்வாயில் வழியே வந்த பெண்டிர் உயிரோடு திரும்பினர். சுவரை இடிக்கும் கடமையைப் பின்வந்தோர்க்கு விட்டுச் சென்றார். 1948-ல் அப்பழம் பெயர் நீங்கிக் கஸ்தூரிபா பெயர் வந்தது. இன்று எச்சாதிப் பெண்ணும் எச்சமயப் பெண்ணும் அங்கே அருகருகே படுத்து மகவு ஈனுகின்றனர்.

பிற்கால வாழ்க்கை

சென்னை வெயிலும் ஓயாத உழைப்பும் உடலை நலியச் செய்தமையால், 1887-ல் அம்மையார் இங்கிலாந்து திரும்ப நேர்ந்தது. 1888-ல் இலண்டன் சர்வகலாசாலையின் எம்.டி. பட்டம் பெற்ற முதற் பெண் என்னும் சிறப்பெய்தினார். 1891-ல் கணவரை இழந்தார். இலண்டன் பெண்கள் மருத்துவமனையில் தலைமை அறுவை மருத்துவராகவும், பின்னர் ராயல் பிரீ மருத்துவமனையிலும் பணியாற்றினார். 1926-ல் டேம் என்னும் உயர் விருது பெற்று, 1930-ம் ஆண்டு நவம்பர் 21-ம் நாள் எண்பத்தைந்தாம் வயதில் இறைவனடி சேர்ந்தார்.

அவர் சென்னையில் மருத்துவராய் இருந்தது நான்கே ஆண்டுகள். ஆயினும் அவர் நடந்த வழி மூடப்படவில்லை. அவர் பயின்ற அதே கல்லூரியில் பயின்று 1912-ல் மருத்துவராய் வெளிவந்தார் முத்துலட்சுமி அம்மையார். வேலூரிலே ஐடா ஸ்கடர் அம்மையார் 1918-ல் பெண்டிர்க்கென மருத்துவப் பள்ளி தொடங்கினார். அயலிலிருந்து வரும் மருத்துவரால் மட்டும் ஒரு நாட்டின் தாய்மார் பிழையார். அந்நாட்டுப் பெண்களே கற்று வருதல் வேண்டும் என்பதை இவ்வரலாறு காட்டும்.

நமக்கு உரிய பாடம்

2018 முதல் 2020 வரை எடுத்த கணக்கின்படி, நம் தமிழ்நாட்டில் ஒரு லட்சம் பிரசவத்திற்கு இறந்த தாய்மார் 54 பேர். இந்தியா முழுமைக்கும் 97 பேர். ஆப்பிரிக்காவின் சகாராவிற்குத் தென்பட்ட நாடுகளிலோ 2020-ல் அத்தொகை ஐந்நூற்றுக்கு மேற்பட்டது. அங்குள்ள பெருநகர்ச் சேரிகளிலே மருத்துவமனை கூப்பிடு தொலைவில் இருக்கவும், பணமின்மையாலும் அச்சத்தாலும் அவமதிப்பாலும் தாய்மார் பலர் அதனை அடைகின்றாரல்லர். அருகிலிருப்பது வேறு, எட்டுவது வேறு. எழும்பூரில் வைத்தியசாலை இருந்தும் திருவல்லிக்கேணிப் பெண் மாண்ட அக்காலத்து நிலையும் இதுவேயன்றோ?

அத்துணைத் தொலைவும் செல்ல வேண்டுவதில்லை. பல்லாவரம் முதல் வண்டலூர் வரை எழும் கட்டடங்களின் நிழலிலே, தகரக் கொட்டகைகளில் வடநாட்டுத் தொழிலாளர் குடும்பங்கள் வாழ்கின்றன. நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் அண்மையில் உண்டு, கட்டணமும் இல்லை. ஆயினும் மொழி அறியாத கர்ப்பிணிக்கு அவ்வாயிற்படி ஒரு மலையாகும். கோஷாத் திரை போயிற்று. மொழித் திரை வந்துளது.

மாணவ நண்பர்காள்! நாம் அனைவரும் மருத்துவராதல் இயலாது. ஆயின் ஒரு தாயின் கைபிடித்து அந்நிலையத்தின் வாயில் வரை அழைத்துச் செல்லவும், அவள் சொல்வதைச் செவிலியர்க்கு எடுத்துரைக்கும் அளவிற்கு நாலு சொல் இந்தியோ ஒடியாவோ கற்கவும் நம்மால் இயலும். வேண்டியதைக் கற்றுக்கொண்டு வருவதே இரக்கத்தின் முதற்படி. முப்பதாம் வயதில் மூன்று குழந்தைகளோடு மீண்டும் மாணவியாகிய அம்மையாரின் வாழ்க்கை நமக்கு உணர்த்துவது இதுவே.