மக்கள் பணத்திலே மிதந்த கப்பல்

பாதிரிமார் கல்லூரியிலே பயின்ற நாம் திரேக்கு, நெல்சன் முதலிய ஆங்கிலக் கடல்வீரரின் வரலாறுகளை நெட்டுருப் பண்ணினோம். நமது கொழும்புத் துறைக்கே கப்பல் விட்ட தமிழர் ஒருவரின் கதையையோ பின்னர் வீட்டுப் பெரியோர் வாயிலாகவே அறிந்தோம். அவர்தாம் வ. உ. சிதம்பரம்பிள்ளை.

பிள்ளையவர்கள் 1872ஆம் ஆண்டு செப்டெம்பர் 5ஆந் திகதி திருநெல்வேலிச் சீமையிலுள்ள ஒட்டப்பிடாரத்திலே உலகநாதபிள்ளைக்கும் பரமாயி அம்மைக்கும் மகனாகப் பிறந்தார். தந்தையாரைப் போலவே வக்கீல் தொழில் பார்த்தார். பின்னர் தூத்துக்குடியிற் குடியேறினார். தலைமன்னார் வழி 1914இல் திறக்கப்படுமுன், இலங்கைக்கும் தென்னிந்தியாவுக்குமிடையே தூத்துக்குடி - கொழும்புக் கடல்வழியே முதன்மையாயிருந்தது. அவ்வழியில் ஆதிக்கம் செலுத்தியது பிரிட்டிஷ் இந்தியக் கப்பற் கம்பனி. வணிகர் அதன் தயவை நம்பியிருந்தனர். இந்நிலையை மாற்றுதற்கு மேடைப்பேச்சு மாத்திரம் போதாது, சொந்தக் கப்பலே வேண்டுமெனப் பிள்ளையவர்கள் துணிந்தார்.

கப்பலுக்குப் பணம்? 1906 ஒக்டோபரிலே சுதேசிக் கப்பற் கம்பனி பதிவு செய்யப்பெற்றது. மூலதனம் 10 இலட்சம் ரூபா. அது 25 ரூபா வீதம் 40,000 பங்குகளாகப் பிரிக்கப்பட்டது. பங்கின் விலையைக் குறைவாக வைத்ததிலேதான் அவருடைய நுண்ணறிவு விளங்குகிறது. சிறுவணிகரும் தம்மைக் கப்பலுக்கு உடைமையாளரென எண்ணலாயினர். மதுரைத் தமிழ்ச் சங்கம் கண்ட பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். ஹாஜி முகம்மது பக்கீர் சேட் 8,000 பங்குகளுக்காக 2 இலட்சம் ரூபா அளித்தார். இந்துவும் முஸ்லிமும் ஒரே கப்பலிலே பணம் போட்டனர் என்பதை நாம் மறத்தலாகாது.

முதலிலே பம்பாய்க் கம்பனியொன்றிடம் கப்பல்களை வாடகைக்கு எடுத்தனர். எதிர்க் கம்பனியாரின் நெருக்குதலால் அந்த ஏற்பாடு முறிந்தது. பிள்ளையவர்கள் மனந்தளரவில்லை. கொழும்புக்கு வந்து வேறொரு கப்பலை வாடகைக்கு அமர்த்தினார். பின்பு வடநாடு சென்று பணந் திரட்டினார். கப்பலின்றித் திரும்புவதிலும் கடலில் வீழ்ந்து மாய்வதே மேலென அவர் உறுதிபூண்டு சென்றாராம். 1907இல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்களும் தூத்துக்குடி வந்தன. ஊரே திரண்டு வரவேற்றது.

அப்பாற் கட்டணப் போர் மூண்டது. ஆங்கிலக் கம்பனி பயணக் கட்டணத்தை மிகக் குறைத்தது. இலவசமாக ஏற்றிச் செல்லவும், குடையொன்று இனாமாகக் கொடுக்கவுங்கூட முன்வந்தது என்பர். ஆழ்ந்த பணப்பை உடையவன் நட்டத்தைப் பல ஆண்டு தாங்குவான். புதியவனால் அஃது இயலாது. ஆயினும் பயணிகள் பலர் காசு கொடுத்துச் சுதேசிக் கப்பலிலேயே ஏறினர். பிள்ளையவர்கள் பெற்ற உண்மையான மூலதனம் இதுவே.

1908 மார்ச்சு 12இல் அவர் கைதுசெய்யப்பட்டார். இராசத்துரோகக் குற்றஞ் சாட்டி விதிக்கப்பட்ட 40 ஆண்டுத் தண்டனை மேல்முறையீட்டிலே குறைக்கப்பட்டது. வக்கீலாயிருந்த கை கோயமுத்தூர்ச் சிறையிலே செக்கிழுத்தது. வெளியே கம்பனி தள்ளாடியது. அச்சமும் பணமுடையும் பங்காளரைப் பிரித்தன. 1911இல் கம்பனி கலைக்கப்பட்டது. காலியா, எந்தக் கம்பனியை எதிர்த்து வந்ததோ அந்தக் கம்பனிக்கே விற்கப்பட்டது! 1912 டிசம்பரில் விடுதலையான பிள்ளையவர்களுக்குக் கப்பலுமில்லை, வக்கீல் உரிமையுமில்லை. உரிமையைப் பிற்காலத்தில் மீட்டுக் கொடுத்த வாலேஸ் என்னும் ஆங்கில நீதிபதியின் நினைவாகத் தம் மகனுக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார். பகைவரினத்திலும் நல்லோரை மதித்த நெஞ்சம் அது. வறுமையிலும் தமிழ்நூல்களை ஆராய்ந்து பதிப்பித்த அன்னார் 1936 நவம்பர் 18இல் தூத்துக்குடியிலே காலமானார். அத்துறைமுகம் 2011 முதல் அவர் பெயரைத் தாங்குகிறது.

அன்பார்ந்த இளைஞர்காள்! கம்பனி தோற்றது துணிவுக் குறைவாலன்று. சுக்கான் ஒருவர் கையில் மாத்திரம் இருந்தமையாலேயே என்பது எமது சிறு கருத்து. அவர் சிறைபுகுந்த நாளில் அதைப் பற்ற இன்னும் பத்துக் கைகள் பழகியிருப்பின் முடிவு வேறாயிருக்கலாம். பெரியோர்களே! சங்கமாயினும் சங்கக்கடையாயினும், பொறுப்பை இன்றே இளையோர் கையிற் சிறிது கொடுத்துப் பழக்குங்கள். இளைஞர்களாகிய நாமும் கைதட்டுவதோடு நில்லாது, அவ்விருபத்தைந்து ரூபாப் பங்காளரைப் போல நமது பங்கைச் செலுத்துவோமாக.