சரக்குப் பட்டியலில் அநீதியைக் கண்டவர்: எட்மண்ட் மொரெல்

ஒரு நாடு இன்னொரு நாட்டுக்கு எவ்வளவு ஆயுதம் விற்றது, யாருக்கு விற்றது என்ற கணக்கு எப்போதும் எங்கோ ஒரு கோப்பில் இருக்கிறது. மக்கள் கேட்டால், தேசப் பாதுகாப்பு, வணிக ரகசியம் என்று பதில் வருகிறது. குண்டுகள் வீடுகளின் மேல் விழுந்து, சிறு பிள்ளைகளின் ஜனாஸாக்கள் வரிசையாக வைக்கப்பட்ட பிறகுதான், அவை எங்கிருந்து வந்தன என்று உலகம் கேட்கத் தொடங்குகிறது.

நூற்றி இருபது ஆண்டுகளுக்கு முன், குண்டுகள் கப்பலில் ஏறும்போதே அந்தக் கேள்வியைக் கேட்ட ஒருவர் இருந்தார். அவர் அரசியல்வாதி அல்லர், படைத்தலைவரும் அல்லர். கப்பல் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதிய எழுத்தர். எட்மண்ட் டீன் மொரெல் என்ற அந்த மனிதரின் வாழ்வில் நமக்குப் படிப்பினையும் உண்டு, எச்சரிக்கையும் உண்டு.

துறைமுகத்தில் கிடைத்த விடை

மொரெல் 1873-ல் பாரிஸில் பிறந்தார். தந்தை பிரெஞ்சுக்காரர், தாய் ஆங்கிலேயர். நான்கு வயதில் தந்தையை இழந்தார். பதினைந்து வயதில் பள்ளிப் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போக வேண்டியதாயிற்று. 1891-ல் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் எல்டர் டெம்ப்ஸ்டர் என்ற கப்பல் நிறுவனத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். சம்பளம் போதாததால் பிரெஞ்சு மொழி கற்றுக் கொடுத்தும், பத்திரிகைகளுக்கு ஆப்பிரிக்க வணிகம் பற்றி எழுதியும் வந்தார்.

அந்த நிறுவனத்துக்கு ஒரு பெரிய ஒப்பந்தம் இருந்தது. பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகத்துக்கும் ஆப்பிரிக்காவின் காங்கோவுக்கும் இடையே சரக்கு ஏற்றி இறக்கும் வேலை அது. பிரெஞ்சு தெரிந்தவர் என்பதால் மொரெல் அடிக்கடி ஆண்ட்வெர்ப்புக்கு அனுப்பப்பட்டார்.

காங்கோ அப்போது பெல்ஜிய அரசின் குடியேற்ற நாடுகூட அல்ல. பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டின் தனிச் சொத்து. 1884-85 பெர்லின் மாநாட்டுக் காலத்தில் ஐரோப்பிய வல்லரசுகளின் அங்கீகாரத்தைப் பெற்று, பெல்ஜியத்தைவிட எழுபது மடங்குக்கும் மேல் பெரிய அந்த நிலத்தை அவர் தன்வசமாக்கிக் கொண்டார். அங்கே அவர் ஒருமுறைகூடக் கால் வைத்ததில்லை. சுதந்திர வணிகம் வளரும், அரபு அடிமை வணிகர்களிடமிருந்து ஆப்பிரிக்க மக்கள் காப்பாற்றப்படுவார்கள் என்பதே அவர் உலகுக்குச் சொன்ன காரணம். ஸான்ஸிபார் வணிகர்களில் சிலர் அடிமை வாணிபம் செய்தது உண்மைதான். அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால், அந்த வணிகர்களில் புகழ்பெற்ற திப்பு திப் என்பவரையே 1887-ல் லியோபோல்ட் தன் ஆளுநர்களில் ஒருவராக நியமித்தார் என்பதும் வரலாறு.

மொரெல் கணக்கேடுகளைப் பார்த்தார். காங்கோவிலிருந்து வந்த கப்பல்களில் ரப்பரும் யானைத் தந்தமும் நிறைந்திருந்தன. வெளியிடப்பட்ட அரசுப் புள்ளிவிவரம் சொன்ன அளவைவிட உண்மையில் இறங்கிய சரக்கு மிக அதிகம். இடையில் இருந்த பணம் யாரோ ஒருவரின் பைக்குப் போய்க்கொண்டிருந்தது.

திரும்பிப் போகும் கப்பல்களோ அதைவிட விசித்திரமாக இருந்தன. ரப்பருக்கு ஈடாகத் துணி, பாத்திரம், உப்பு என்று போக வேண்டும் அல்லவா? போனவை பெட்டி பெட்டியாகத் துப்பாக்கிகளும் தோட்டாக்களும். அவை காங்கோ அரசின் பெயருக்கோ, வணிகக் கம்பெனிகள் என்று சொல்லிக்கொண்டவற்றின் பெயருக்கோ அனுப்பப்பட்டன. காங்கோவுக்குப் போன பொருள்களில் சுமார் 80 சதவீதம் வணிகத்துக்குத் தொடர்பில்லாதவை என்று மொரெல் கணக்கிட்டார்.

விலை கொடுக்காமல் பொருள் வருகிறது, விலைக்குப் பதில் தோட்டா போகிறது என்றால் அது வணிகம் அல்ல. கட்டாய உழைப்பு. துறைமுகத்தை விட்டு நகராமல், வெறும் ஏடுகளை வைத்தே அவர் இந்த முடிவுக்கு வந்தார்.

பட்டியல் வெளியானதால் வந்த கோபம்

அக்காலத்தில் ஆயுத வணிகத்துக்குச் சட்டமே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. 1890-ல் பிரஸ்ஸெல்ஸில் வல்லரசுகள் கூடி, ஆப்பிரிக்காவின் பெரும்பகுதிக்குள் நவீனத் துப்பாக்கிகள் கொண்டுபோவதைத் தடை செய்திருந்தன. ஆனால் அரசுப் படைகளுக்கு விலக்கு இருந்தது. காங்கோவிலோ அரசும் வணிகரும் ஒரே கை. மக்களிடம் ஆயுதம் இருக்கக் கூடாது, அவர்களை அடக்குபவரிடம் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கலாம் என்பதே அந்தச் சட்டத்தின் விளைவு.

ஒருமுறை காங்கோவுக்குப் போன சரக்கின் விவரம் பத்திரிகையில் வெளியாகிவிட்டது. துப்பாக்கிகளும் தோட்டாக்களும் அதில் இருந்தன. காங்கோ அரசின் உயர் அதிகாரி ஒருவர் கப்பல் நிறுவனத்தாரை அழைத்துக் கடுமையாகக் கோபித்துக்கொண்டார். அந்த அறையில் மொரெலும் இருந்தார். ஆயுதம் போனதற்காக அந்த அதிகாரி வெட்கப்படவில்லை; அது வெளியே தெரிந்ததற்காகவே ஆத்திரப்பட்டார். எதை மறைக்கத் துடிக்கிறார்களோ அங்கேதான் குற்றம் இருக்கிறது என்பதை மொரெல் நேரிலேயே பார்த்துவிட்டார்.

தன் முதலாளி ஆல்ஃப்ரெட் ஜோன்ஸிடம் முறையிட்டார். அவரோ லிவர்பூலில் காங்கோ அரசின் தூதராகவும் இருந்தவர். பதவி உயர்வு காட்டி எழுத்தரின் வாயை அடைக்கும் முயற்சி நடந்தது. மொரெல் அப்போது குடும்பஸ்தர்; வேறு வருமானம் பெரிதாக இல்லாதவர். ஆனாலும் 1901-ல் வேலையை விட்டார்.

தோட்டாவுக்குக் கணக்கு, உயிருக்குக் கணக்கில்லை

1903-ல் சொந்தமாக ஒரு வாரப் பத்திரிகை தொடங்கினார். காங்கோவில் பணியாற்றிய மதப்பிரசாரகர்களும், மனசாட்சி உறுத்திய ஊழியர்களும் அவருக்கு ரகசியச் சுற்றறிக்கைகளையும் ஆவணங்களையும் அனுப்பினார்கள். ரப்பர் கொண்டுவராத கிராமத்தின் பெண்கள் பணயமாகப் பிடித்து வைக்கப்பட்டார்கள் என்பது அவற்றால் தெரிந்தது.

அதைவிடக் கொடிய செய்தியும் இருந்தது. படைவீரன் தோட்டாவை வேட்டைக்கு வீணாக்காமல் மனிதனைக் கொல்லவே பயன்படுத்தினான் என்று காட்ட, இறந்தவரின் கையை வெட்டிக் கொண்டுவர வேண்டும். வேட்டைக்குத் தோட்டாவைச் செலவழித்த சிலர், கணக்கை நேர் செய்ய உயிரோடு இருந்தவர்களின் கையையே வெட்டினார்கள். ஒவ்வொரு தோட்டாவுக்கும் கணக்குக் கேட்ட அரசு, இறந்த மனிதர்களுக்குக் கணக்கு வைக்கவில்லை.

1903 மே மாதம் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் காங்கோ பற்றித் தீர்மானம் நிறைவேற்றியது. தூதர் ரோஜர் கேஸ்மெண்ட் உள்நாட்டுக்குள் சென்று சாட்சியங்களைச் சேகரித்தார். 1904-ல் அவர் அறிக்கை வெளியானபோது, அவருடைய எதிர்ப்பையும் மீறி, பிரிட்டிஷ் வெளியுறவுத் துறை பெயர்களை நீக்கிவிட்டு வெறும் எழுத்துக்களைப் போட்டிருந்தது. அதே ஆண்டு கேஸ்மெண்ட்டின் தூண்டுதலால் மொரெல் காங்கோ சீர்திருத்தச் சங்கத்தைத் தொடங்கினார். வெட்டப்பட்ட கைகளை ஆலிஸ் ஹாரிஸ் என்ற பெண்மணி எடுத்த புகைப்படங்கள், மறுக்க முடியாத சாட்சியாக ஊர் ஊராகக் காட்டப்பட்டன.

லியோபோல்ட் தானே அமைத்த விசாரணைக் குழுவும் 1905-ல் கொடுமைகளை உறுதி செய்தது. ஆனால் அக்குழுவின் முன் ஆப்பிரிக்க மக்கள் கொடுத்த வாக்குமூலங்கள் வெளியிடப்படவில்லை. பல பத்தாண்டுகள் பெட்டகத்திலேயே பூட்டிக் கிடந்தன. கடைசியில் 1908-ல் காங்கோவை அவர் பெல்ஜிய அரசிடம் ஒப்படைக்க நேர்ந்தது. ஒப்படைக்கும் முன் பிரஸ்ஸெல்ஸில் காங்கோ அரசின் ஆவணங்களை நாள் கணக்கில் எரித்தார்கள். நிலத்தைக் கொடுத்தவர் ஏடுகளைக் கொடுக்கவில்லை.

மொராக்கோவும் மறைவான ஒப்பந்தமும்

காங்கோவில் கற்ற பாடத்தோடு மொரெல் தன் சொந்த நாட்டின் பக்கம் திரும்பினார். இங்கேதான் அவர் வரலாறு நம் சமுதாயத்தின் வரலாற்றோடு நேராகச் சேர்கிறது.

1904-ல் பிரிட்டனும் பிரான்ஸும் ஓர் உடன்பாடு செய்தன. எகிப்தில் பிரிட்டனுக்குத் தடையில்லை, மொராக்கோவில் பிரான்ஸுக்குத் தடையில்லை என்பது அதன் சாரம். மொராக்கோவின் அரசியல் நிலையை மாற்றும் நோக்கம் பிரான்ஸுக்கு இல்லை என்று வெளியிட்ட பகுதி சொன்னது. அதே நாளில் கையெழுத்தான ரகசியப் பிரிவுகளோ அந்த மாற்றத்தையும், ஸ்பெயினுக்குரிய பங்கையும் முன்கூட்டியே பேசியிருந்தன. 1911-ல்தான் அவை வெளியே வந்தன. மறு ஆண்டே மொராக்கோ பிரான்ஸின் பிடிக்குள் போயிற்று. அந்த ஆண்டிலேயே மொரெல் இந்த மோசடியை விளக்கி ஒரு நூல் எழுதினார். ஒரு முஸ்லிம் தேசத்தின் தலைவிதியை அதன் மக்களுக்கும் தெரியாமல், பிரிட்டிஷ் மக்களுக்கும் தெரியாமல் முடிவு செய்தார்கள் என்பதே அவர் வைத்த குற்றச்சாட்டு.

1914-ல் உலகப்போர் மூண்டது. சார்லஸ் ட்ரெவெல்யன், ராம்சே மெக்டொனால்ட் முதலியோருடன் சேர்ந்து அவர் ஓர் அமைப்பைத் தொடங்கினார். நாடாளுமன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் எந்த ஒப்பந்தமும் கூடாது, ஆயுத உற்பத்தி தனியார் லாபத்துக்காக இருக்கக் கூடாது, ஒரு நாடு இன்னொரு நாட்டுக்கு ஆயுதம் ஏற்றுமதி செய்வது கட்டுப்படுத்தப்பட வேண்டும் என்பவை அதன் கோரிக்கைகளில் சில.

விலை கொடுக்க வேண்டியிருந்தது. சுவிட்சர்லாந்தில் இருந்த எழுத்தாளர் ரொமைன் ரோலாந்துக்குத் தன் வெளியீடுகளை அனுப்பச் செய்தார் என்று 1917-ல் ஆறு மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. பென்டன்வில் சிறையில் அவர் உடல்நலம் குலைந்தது. பிறகு முழுமையாகத் தேறவேயில்லை. அவர் உள்ளே இருந்த அந்த நவம்பரில்தான் ரஷ்யாவின் புதிய அரசு பழைய ரகசிய ஒப்பந்தங்களை வெளியிட்டது. அரபு நிலங்களைப் பங்கு போட்ட சைக்ஸ்-பிகாட் ஒப்பந்தம் அவற்றுள் ஒன்று. அவர் சொன்னது கற்பனை அல்ல என்று உலகம் அறிந்தது.

1922 தேர்தலில் டண்டி தொகுதியில் தொழிற்கட்சி வேட்பாளராக நின்று வென்றார். அங்கே தோற்றவர்களில் ஒருவர் வின்ஸ்டன் சர்ச்சில். 1924-ல் மெக்டொனால்ட் பிரதமரானபோது மொரெலுக்குப் பதவி தரவில்லை. ஆனால் அவருடைய தோழர் ஆர்தர் பொன்சன்பி, ஒப்பந்தங்களை 21 நாட்கள் நாடாளுமன்றத்தின் முன் வைக்க வேண்டும் என்ற நடைமுறையை அந்த ஆண்டு கொண்டுவந்தார். அதே ஆண்டு நவம்பரில், டெவன் பகுதியில் நடந்துகொண்டிருந்தபோது ஒரு மரத்தடியில் உட்கார்ந்த மொரெல் அங்கேயே உயிர் நீத்தார். வயது 51.

மறைக்கக் கூடாத கறை

இத்தோடு நிறுத்தினால் நாமும் ஓர் ஏட்டை எரித்தவர்கள் ஆவோம். போருக்குப் பின் ஜெர்மனியின் ரைன் பகுதியில் பிரான்ஸ் தன் ஆப்பிரிக்கப் படைகளை நிறுத்தியது. செனகல், மொராக்கோ, அல்ஜீரியா நாட்டவர் அப்படையில் இருந்தனர். அவர்களில் பலர் முஸ்லிம்கள். அவர்களை இச்சை மிகுந்த காட்டுமிராண்டிகளாகச் சித்தரித்து மொரெல் எழுதினார். காங்கோ மக்களுக்காக இளமையைக் கொடுத்தவரின் கையிலிருந்து வந்த அநீதி அது. ஜமைக்காவைச் சேர்ந்த கவிஞர் கிளாட் மெக்கே அப்போதே அதைக் கண்டித்து எழுதினார்.

தொலைவில் துன்பப்படும் மனிதருக்காக இரங்குவது எளிது. அவரைத் தனக்குச் சமமாகக் கருதுவதுதான் கடினம். மொரெல் முதலாவதைச் செய்தார், இரண்டாவதில் சறுக்கினார். ஒரு கூட்டத்தின் மீதுள்ள வெறுப்பு நீதி செலுத்துவதிலிருந்து நம்மைத் தடுத்துவிடக் கூடாது என்று கற்றவர்கள் நாம். அவரது நன்மையையும் அவரது பிழையையும் ஒரே தராசில் நிறுத்துவதே நீதி.

இன்றும் திறக்காத ஏடு

1991-ல் ஐக்கிய நாடுகள் சபை ஆயுதப் பரிமாற்றங்களுக்கு ஒரு பதிவேட்டை உருவாக்கியது. ஆனால் அதில் விவரம் தருவது நாடுகளின் விருப்பம். 2013-ல் ஏற்கப்பட்ட ஆயுத வணிக உடன்படிக்கை ஆண்டுதோறும் அறிக்கை கேட்கிறது. அதிலும் வணிக ரகசியம், தேசப் பாதுகாப்பு என்று சொல்லி விவரங்களை விட்டுவிட வழி வைத்திருக்கிறது. ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் மூடியிருந்த ஏடு இன்னும் பாதிதான் திறந்திருக்கிறது.

நம் பிள்ளைகளில் பலர் இன்று கப்பல் நிறுவனங்களில், சுங்கத்தில், வங்கிகளில், கணக்கு அலுவலகங்களில் வேலை செய்கிறார்கள். எழுதுகிற கணக்கு வெறும் எண்கள் அல்ல, அது அமானிதம் என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்போம். அநீதி ஒரு நாள் அவர்களுடைய மேசைக்கும் ஒரு காகிதமாக வந்து சேரலாம். அன்று அதைப் படித்துப் புரிந்துகொள்ளும் அறிவும், சாட்சியத்தை மறைக்காத துணிவும் அவர்களிடம் இருக்க வேண்டும்.