ஸ்கின்னரின் எலிகளும் டியாப்லோவின் வாளும்

1930களின் தொடக்கம். அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் ஒரு சனிக்கிழமை பிற்பகல். இளம் ஆய்வாளர் ஒருவர் தனது எலிகளுக்கான உணவு உருண்டைகள் எவ்வளவு மிஞ்சியிருக்கின்றன என்று கணக்குப் பார்க்கிறார். எட்டு எலிகள், ஒவ்வொன்றுக்கும் நாளொன்றுக்கு நூறு உருண்டைகள். அவற்றை அவரேதான் மாத்திரை செய்யும் கருவியில் செய்ய வேண்டும். கையிருப்பு திங்கட்கிழமை காலையோடு தீர்ந்துவிடும். விடுமுறை மாலையை அதில் செலவிட அவருக்கு மனமில்லை. எனவே, எலி நெம்பை அழுத்தும் ஒவ்வொரு தடவையும் உணவு கொடுப்பதை நிறுத்திவிட்டு, நிமிடத்துக்கு ஒரு தடவை மட்டும் கொடுத்தார். எலிகள் சலித்துப்போய் விலகவில்லை. சீரான வேகத்தில் அழுத்திக்கொண்டே இருந்தன.

அந்த ஆய்வாளர்தான் பி. எஃப். ஸ்கின்னர். 20ஆம் நூற்றாண்டின் செல்வாக்கு மிக்க உளவியலாளர்களில் ஒருவர். அரக்கனைக் கொன்றால் அபூர்வமான வாள் ஒன்று விழாதா என்று நள்ளிரவு தாண்டியும் கணினி முன் அமர்ந்திருக்கும் ஒருவரைப் புரிந்துகொள்ள, இவரது வாழ்க்கை உதவும்.

1904 மார்ச் 20ஆம் திகதி பென்சில்வேனியா மாநிலத்தின் சஸ்குவெஹானா என்ற சிறிய ரயில்வே நகரத்தில், ஒரு சட்டத்தரணியின் மகனாகப் பிறந்தார் ஸ்கின்னர். சிறு வயதிலிருந்தே எதையாவது பொருத்திப் பூட்டிக்கொண்டிருப்பவர். ஹாமில்டன் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்து 1926இல் பட்டம் பெற்றார். எழுத்தாளராவதே கனவு. பெற்றோரின் வீட்டில் தங்கி எழுத முயன்றவருக்கு, சொல்வதற்குத் தன்னிடம் எதுவும் இல்லை என்பதே தெரியவந்தது. பாவ்லோவையும் வொட்சனையும் வாசித்தபின் உளவியல் பக்கம் திரும்பினார். 1931இல் ஹார்வர்டில் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

அவர் செய்த பெட்டி எளிமையானது: ஒரு நெம்பு, உணவு விழும் ஒரு தட்டு, அழுத்தங்களைக் கோடாகப் பதியும் ஒரு கருவி. எலி எதிர்பார்த்தபடி நடக்காவிட்டால் அவர் எலியைக் குறைகூறமாட்டார். பெட்டியின் அமைப்பில்தான் காரணத்தைத் தேடுவார்.

இரண்டாம் உலகப் போரின்போது, திரையில் தெரியும் இலக்கைக் கொத்தி ஏவுகணையை வழிநடத்தப் புறாக்களைப் பழக்கினார். புறாக்கள் வேலையைச் சரியாகச் செய்தன. ஆனால் இராணுவம் அதை நம்பவில்லை, திட்டம் கைவிடப்பட்டது. அதன்பின் அவரது ஆய்வுகளில் எலிகளின் இடத்தைப் பெரும்பாலும் புறாக்களே பிடித்துக்கொண்டன.

1957இல் சார்ல்ஸ் ஃபெர்ஸ்டருடன் சேர்ந்து அவர் வெளியிட்ட பெருநூல், சுமார் 70,000 மணிநேரப் பதிவுகளை அடிப்படையாகக் கொண்டது. அதன் முடிவுகளில் ஒன்று இது: ஐம்பது கொத்துகளுக்கு ஒரு தடவை என்று பரிசு நிச்சயமாக இருந்தால், பரிசு கிடைத்ததும் புறா சற்று ஓய்வெடுக்கும். எத்தனையாவது கொத்தில் கிடைக்கும் என்று தெரியாவிட்டால் ஓய்வே இல்லை. பரிசை முற்றாக நிறுத்திய பின்னரும் நீண்ட நேரம் கொத்திக்கொண்டிருக்கும். சூதாட்ட இயந்திரங்கள் இதே முறையில்தான் இயங்குகின்றன என்பதை ஸ்கின்னரே 1953இல் எழுதியிருந்தார்.

1996 டிசெம்பரின் இறுதியில் 'டியாப்லோ' வெளியானது. அதன் வேர்கள் ஸ்கின்னரிடம் அல்ல, 'ரோக்' போன்ற பழைய கணினி விளையாட்டுகளில் இருந்தன. ஆனால் செயற்படும் விதம் அதே பெட்டிதான். அரக்கன் சாகும் ஒவ்வொரு தடவையும் கணினி பகடை உருட்டுகிறது. பெரும்பாலும் சில காசுகள், எப்போதாவது ஓர் அற்புத ஆயுதம். நூற்றில் ஒரு வாய்ப்பு என்றால் நூறு தடவை கொன்றால் கிடைத்துவிடும் என்று நினைக்கிறோம். கணக்கு அப்படியல்ல. நூறு தடவை கொன்ற பின்னரும், நூறு பேரில் ஏறத்தாழ 37 பேர் வெறுங்கையோடு நிற்பார்கள்.

பொருட்களைச் செய்துகொள்ளும் வசதி வந்தபோதும் பகடை ஓயவில்லை. 2013இல் வந்த 'பாத் ஒஃப் எக்சைல்' விளையாட்டில் 'கேயொஸ் ஓர்ப்' என்ற ஒன்றைப் பயன்படுத்தினால், கையில் உள்ள அபூர்வப் பொருளின் பண்புகள் எழுந்தமானமாக மாறும். பட்டறையும் இன்னொரு நெம்பாகிவிட்டது. இதற்கு முன்பே, 2001இல், நடத்தை ஆய்வில் பயின்ற ஜோன் ஹொப்சன், இந்தப் பரிசு முறைகளை விளையாட்டு வடிவமைப்பாளர்களுக்கு விளக்கி ஒரு கட்டுரை எழுதியிருந்தார்.

ஸ்கின்னர் விரும்பியது இதுவல்ல. தண்டனையை அவர் வெறுத்தார். மகளின் கணித வகுப்பைப் பார்த்துவிட்டு வந்து, பிள்ளைகள் தத்தம் வேகத்தில் கற்க ஓர் இயந்திரம் செய்தார். தண்டனை இல்லாத சமூகம் ஒன்றைக் கற்பனைசெய்து 1948இல் ஒரு நாவலும் எழுதினார். மனிதரைப் புறாவாக்குகிறார் என்ற கண்டனம் அவரைக் கடைசிவரை தொடர்ந்தது. மொழியைப் பற்றிய அவரது நூலை நோம் சொம்ஸ்கி 1959இல் கடுமையாக விமர்சித்தார். பெட்டியை யார் வடிவமைப்பது, யாருடைய நன்மைக்காக என்ற கேள்விக்கு அவரது பதில் பலருக்குத் திருப்தி தரவில்லை.

இரத்தப் புற்றுநோயால் பாதிக்கப்பட்டிருந்த அவர், 1990 ஓகஸ்ட் 10ஆம் திகதி பொஸ்டனில் உளவியலாளர்கள் முன் உரையாற்றினார். எட்டு நாட்களின் பின், 86ஆவது வயதில் காலமானார்.

அவர் காணாத காலத்தில் அந்தக் கேள்வி சட்டமானது. பணம் கொடுத்துத் திறக்கும் 'லூட் பொக்ஸ்'களில் எந்தப் பொருளுக்கு எவ்வளவு வாய்ப்பு என்பதை வெளியிட வேண்டும் என்று 2017இல் சீனா விதித்தது. பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018இல் அவற்றைச் சூதாட்டம் என்றது.

பணம் கேட்காத விளையாட்டில் வாள் தேடுவது குற்றமல்ல. அதில் உண்மையான மகிழ்ச்சியும் உண்டு. ஆனால் பிள்ளை எழுந்துவர மறுக்கும்போது, அவனுக்கு மனக்கட்டுப்பாடு இல்லை என்று மட்டும் நாம் ஏசுகிறோம். ஸ்கின்னராக இருந்தால் முதலில் அந்த விளையாட்டைத் திறந்து பார்த்திருப்பார்: பரிசு எத்தனை தடவைக்கு ஒன்று விழுகிறது, அடுத்த தடவைக்குக் காசு கேட்கிறதா என்று. பெற்றோரும் அங்கிருந்து தொடங்கலாம்.