ரத்தத்தை அளந்தவர், கீமோ மருந்தும் தந்தவர்... யார் இந்த சுப்பாராவ்?

முற்றிய கணையப் புற்றுநோய்க்கு கீமோதெரபி பலன் தருதா, மருந்தை மாத்தணுமா? ஸ்கேனோடு சிஏ 19-9 ரத்தப் பரிசோதனையையும் பார்த்துத்தான் டாக்டர்கள் முடிவெடுக்கிறார்கள். ரத்தப் பரிசோதனை, கீமோ மருந்து என இரண்டிலும் ஆரம்பத்திலேயே தடம் பதித்தவர் எல்லாப்பிரகடா சுப்பாராவ்.

1895-ல் பீமவரத்தில் பிறந்தவர். சகோதரர்கள் இருவரை 'ஸ்ப்ரூ' என்ற குடல் நோய் பறித்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் அணிந்ததால் ஆங்கிலேயப் பேராசிரியருக்குக் கோபம். எம்பிபிஎஸ்-க்குப் பதில் எல்எம்எஸ்தான் கிடைச்சது.

அமெரிக்கா போனார். ரத்தத்தில் பாஸ்பரஸை அளக்கும் முறையை 1925-ல் சைரஸ் ஃபிஸ்க்குடன் சேர்ந்து உருவாக்கினார். பிறகு லெடர்லே நிறுவனத்தில் அவரது குழு ஃபோலிக் அமிலத்தைத் தயாரித்தது. ஸ்ப்ரூவுக்கு மருந்து கிடைச்சாச்சு!

ஆனா, ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு அது நோயை வேகப்படுத்துவதாக பாஸ்டன் டாக்டர் சிட்னி ஃபார்பர் கருதினார். அதற்கு நேரெதிராகச் செயல்படும் அமினோப்டெரினை சுப்பாராவ் குழு தந்தது. ரத்த அணுக்களின் எண்ணிக்கையைக் கவனித்தபடியே ஃபார்பர் சிகிச்சை அளித்தார். 16 குழந்தைகளில் 10 பேரிடம் முன்னேற்றம். ஆனால் அது தற்காலிகமே.

1948 ஜூனில் அந்த முடிவு வெளியானது. ஆகஸ்டில் சுப்பாராவ் காலமானார். வயது 53. அமினோப்டெரின் வழியில் வந்த மெத்தோட்ரெக்ஸேட், இன்றும் ரத்தப் பரிசோதனையோடு சேர்த்தே கொடுக்கப்படுகிறது.