கல்விக் கொடையால் நகர் வளர்த்த கஸ்தூர்பாய் லால்பாய்

சமண இல்லறத்தார்க்கு உரியனவாக ஆன்றோர் வகுத்த தானங்கள் நான்கு. உணவும் மருந்தும் அடைக்கலமும் பெறுவோரின் அன்றைய துன்பத்தைத் தீர்ப்பன. நான்காவதாகிய சாத்திரதானமோ பெற்றவரையே பிறர்க்கு வழங்குவோராக உயர்த்த வல்லது. அத்தானத்தின் பொருளை விரித்துக் கல்லூரிகளாகவும் ஆய்வுக்கூடங்களாகவும் ஆக்கி, ஒரு நகரின் தொழிலுக்கு வேண்டிய அறிவாளரை அந்நகரிலேயே உருவாக்கிய பெருமகன் அகமதாபாத்து சேட் கஸ்தூர்பாய் லால்பாய் ஆவார்.

அவர் 1894ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 19ஆம் நாள் பிறந்தார். பதினேழாம் நூற்றாண்டில் புகழுடன் விளங்கிய மணிவணிகர் சாந்திதாஸ் ஜவேரியின் வழிவந்த குடும்பம் அது. தந்தையார் லால்பாய் தல்பத்பாய் நூற்பாலை நடத்தி வந்தார். கஸ்தூர்பாய் பள்ளியிறுதித் தேர்வில் வென்று குஜராத் கல்லூரியில் சேர்ந்த சிறிது காலத்திலேயே, 1912இல், தந்தையார் மறைந்தார். பதினேழு வயது இளைஞர் ஏட்டை மூடிவிட்டு ராய்ப்பூர் ஆலையின் பொறுப்பை ஏற்க நேர்ந்தது. கல்லூரிப் படிப்பு அத்துடன் நின்றது. பஞ்சு வாங்குதல் முதலாகத் தொழிலின் நுட்பங்களை ஆலையிலும் சந்தையிலும் பட்டறிவாலேயே அவர் கற்றார். பின்னாளில் அசோகா ஆலை, 1931இல் அரவிந்த் ஆலை எனப் பல நிறுவனங்கள் அவர் முயற்சியால் எழுந்தன.

அகமதாபாத்தின் முதல் நூற்பாலை 1861இல் இயங்கத் தொடங்கியது. தொடக்க நாளில் எந்திரங்களும் இங்கிலாந்திலிருந்து வந்தன. அவற்றை இயக்கத் தெரிந்த வல்லுநரும் அங்கிருந்தே வந்தனர். ஆண்டுகள் பல கடந்து ஆலைகள் பல்கிய பின்னும், பொறியியல் பட்டம் பெற விழைந்த அந்நகர இளைஞர் பம்பாய்க்கோ புனேக்கோ செல்ல வேண்டியிருந்தது. வசதியற்ற வீட்டுப் பிள்ளைக்கு அவ்வழியும் அடைபட்டிருந்தது. தொழில் ஓரிடத்திலும் அதற்குரிய கல்வி வேறிடத்திலும் இருந்தால் தொழில் நெடுநாள் நிலைக்காது என்பதைக் கஸ்தூர்பாய் உணர்ந்தார்.

1930களின் நடுவில் கணேஷ் மாவளங்கர், அம்ரித்லால் ஹர்கோவிந்ததாஸ் ஆகியோருடன் இணைந்து அகமதாபாத் கல்விக் கழகத்தை அவர் நிறுவினார். கலை, வணிகம், அறிவியல் ஆகிய துறைகளுக்கு அக்கழகம் அடுத்தடுத்துக் கல்லூரிகள் கண்டது. 1947இல் மருந்தியல் கல்லூரி ஒன்றும் தோன்றியது. அக்கல்லூரியில் ஆசிரியராக இருந்த ரமண்பாய் படேல் 1952இல் நண்பர் ஒருவருடன் சேர்ந்து காடிலா என்னும் மருந்து நிறுவனத்தைத் தொடங்கினார். இன்று குஜராத்து மருந்துத் தொழிலுக்குப் பெயர்பெற்ற மாநிலமாக விளங்குவதில் அக்கல்லூரிக்கும் பங்குண்டு.

பொறியியல் கல்விக்காக அவர் குடும்பம் வழங்கிய கொடை மிகப் பெரிது. 25 இலட்சம் ரூபாயும், முப்பது எக்டேருக்கு மேற்பட்ட நிலமும் கிடைக்க வழி செய்ததால், 1948இல் தந்தையார் லால்பாய் தல்பத்பாயின் பெயரால் பொறியியல் கல்லூரி எழுந்தது. அதனைத் தம் குடும்பத்தின் உடைமையாக வைத்துக்கொள்ளாமல் அரசுக் கல்லூரியாக நடக்கச் செய்தமை எண்ணத்தக்கது. தந்தை பெயர் நின்றது, ஆட்சி பொதுவாயிற்று. மிகுபொருள் விரும்பாமை என்னும் விரதத்தை ஒரு வணிகர் கைக்கொண்ட முறை அது.

பட்டம் பெற்றோர் மட்டும் போதாது, தொழிலையே ஆராயும் அறிவும் வேண்டும் என்பது அவர் கருத்து. ஆகவே 1947இல் அகமதாபாத் ஆலையுரிமையாளர் கூடி நெசவுத் தொழில் ஆராய்ச்சிக் கழகமாகிய அடிராவை அமைத்தபோது அவர் முன்னின்றார். அதனை உருவாக்கும் பொறுப்பு இளைஞரான விக்ரம் சாராபாயிடம் ஒப்படைக்கப்பெற்றது. நெசவுத் தொழிலில் முன்பழக்கம் இல்லாத இளம் அறிவியலாளர்களைச் சாராபாய் தேர்ந்தெடுத்தார். பழுத்த ஆலை முதலாளியும் இளம் விஞ்ஞானியும் ஒருவரையொருவர் நம்பியதால் விளைந்த நன்மை அதனோடு நிற்கவில்லை. 1961இல் நடுவணரசு, மாநில அரசு, தொழிலுலகம் ஆகிய மூன்றும் கைகோத்து இந்திய மேலாண்மைக் கழகம் அந்நகரில் தோன்றியதிலும் இவ்விருவர் உழைப்பு கலந்திருந்தது.

கைவினை அறிவையும் அவர் கல்வியாகவே மதித்தார். ஆனந்த்ஜி கல்யாண்ஜி அறநிலையத்தின் தலைவராக ஏறத்தாழ அரை நூற்றாண்டு பணியாற்றி, ரணக்பூர், தில்வாரா முதலிய திருக்கோயில்களைப் புதுப்பித்தார். பழைய சிற்பத்தோடு புதியது இசைந்து நிற்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். அதனால் மரபுவழிச் சிற்பியர்க்கு வேலை கிடைத்தது. மறையவிருந்த உளித்திறன் அடுத்த தலைமுறைக்குச் சென்றது. முனிவர் புண்ணியவிஜயர் அரிதில் திரட்டிய ஓலைச்சுவடிகளும் தாள் ஏடுகளும் காக்கப்பெறுதற்கு லால்பாய் தல்பத்பாய் இந்தியவியல் நிறுவனத்தையும் அமைத்தார். சாத்திரதானம் அங்கே தன் முதற்பொருளிலேயே நிறைவெய்தியது.

1969இல் பத்மபூஷண் விருது பெற்ற அவர், 1980ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 20ஆம் நாள் மறைந்தார். அடுத்த சில ஆண்டுகளில் அகமதாபாத்து ஆலைகள் பலவும் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. பல்லாயிரம் தொழிலாளர் வேலையிழந்தனர். ஒரு தறியை மட்டுமே அறிந்து, கல்லூரி வாயிலை மிதியாதிருந்த அவர்தம் குடும்பங்கள் பட்ட துயர் பெரிது. கல்லூரிகள் இருந்தும் அவற்றின் பயன் எல்லா வீட்டையும் எட்டவில்லை என்பதை அக்காலம் காட்டியது. ஆயினும் கல்லூரிகளும் ஆய்வுக்கூடங்களும் ஆலைகளோடு மறையவில்லை. அவற்றிலிருந்து வெளிவந்தோர் மருந்து, வேதியியல், பொறியியல், கட்டடக்கலை என வேறு தொழில்களுக்குச் சென்று நகரை மீண்டும் தாங்கினர்.

ஆலை ஈட்டிய பொருள் ஆலையோடு போயிற்று. அப்பொருளால் விளைந்த கல்வி நிலைத்தது. தாம் பாதியில் இழந்த கல்லூரியைப் பல்லாயிரம் பிள்ளைகளுக்கு வாயில் திறந்து வைத்த கஸ்தூர்பாயின் வாழ்வு, அறக்கொடை வழங்குவோர் அனைவரும் நினைவிற் கொள்ளத்தக்கது. ஊரில் ஒரு பிள்ளையின் படிப்புக்கு உதவும் சிறு கொடையும் அவ்வழியில் வைக்கும் அடியே ஆகும்.